ஒரே டேக், ஒரு மாவுக்கட்டு

போன செமஸ்டரில் இடது கையில் மாவுக்கட்டோடு நான் திரிந்தது பலருக்கு ஞாபகம் இருக்கும். என்னாச்சு என்று கேட்ட எல்லாரிடமும் ஒரே பதில்தான் சொன்னேன்: "பாத்ரூம்ல வழுக்கிட்டேன்." வார்டனிடமும் அதே பதில். அம்மாவிடமும் அதே பதில். இந்தக் கட்டுரையை எல்லாருக்கும் சேர்த்து ஒரு திருத்தமாக வைத்துக்கொள்ளுங்கள். நான் வழுக்கவில்லை. தெரிந்தேதான் விழுந்தேன். ஹாங்காங் படங்களைப் பார்த்துக் கெட்டுப்போனேன் என்றும் சொல்லலாம்.

முதலிலிருந்து சொல்கிறேன்.

2023-ல் ஆஸ்கர் வாங்கினாரே மிஷெல் யோ, அவர் முதன்முதலாக ஆக்‌ஷன் ஹீரோயினாக நடித்த படம் எது என்று என் ரூம்மேட் தேடிக்கொண்டிருந்தாள். 1985-ல் வந்த 'யெஸ், மேடம்!' கிடைத்தது. ஒரு சனிக்கிழமை ராத்திரி, மெஸ் சப்பாத்தியைப் பாதியில் வைத்துவிட்டு வந்து, நாலு பேர் ஒரே லேப்டாப் முன்னால் உட்கார்ந்தோம்.

முதல் அரைமணி நேரம் சிரிப்புதான். அந்தக் காலத்து ஹாங்காங் படங்களில் பெரும்பாலும் ஷூட்டிங்கின்போது ஒலியைப் பதிவு செய்ய மாட்டார்கள். எல்லாமே பிறகு ஸ்டூடியோவில் டப்பிங். நாங்கள் பார்த்ததோ ஆங்கில டப்பிங். வாய் ஒரு பக்கம் போகும், வசனம் ஒரு பக்கம் போகும். ஒவ்வொரு குத்துக்கும் மெஸ்ஸில் எவர்சில்வர் தட்டு விழுந்த மாதிரி சத்தம். ஒரு மைக்ரோஃபிலிமைத் தேடி எல்லாரும் ஓடுகிறார்கள், கதை அவ்வளவுதான். "இதுக்கு நம்ம காலேஜ் ஷார்ட் ஃபிலிமே தேவலடி" என்றாள் எதிர் ரூம் பெண்.

கடைசி சண்டை வந்தது. வில்லன் வீட்டு மாடி. மிஷெல் யோ கைப்பிடிச் சுவர்மேல் உட்கார்ந்தபடி அப்படியே பின்பக்கமாகச் சாய்கிறார். கால் மேலே மாட்டியிருக்கிறது, தலை கீழே. கீழே இருக்கிற கண்ணாடியை உடைத்துக்கொண்டு உடம்பு உள்ளே போகிறது. அங்கே நிற்கிற ரெண்டு பேரைப் பிடித்து இழுத்துக் கவிழ்க்கிறார்.

ரூமில் சத்தமே இல்லை. யாரோ கையை நீட்டி பத்து செகண்ட் பின்னால் தள்ளினார்கள். திரும்பப் பார்த்தோம். அப்புறம் இன்னொரு தடவை.

அன்றைக்குப் பிடித்த பைத்தியம் ரெண்டு மாசம் விடவில்லை. தேடித்தேடிப் பார்த்தோம். 'யெஸ், மேடம்!' ஓடிய ஓட்டத்தில் ஹாங்காங்கில் இப்படிப் படங்கள் வரிசையாக வந்திருக்கின்றன. 'கேர்ள்ஸ் வித் கன்ஸ்' என்று ரசிகர்கள் பெயரே வைத்திருக்கிறார்கள். பெண் போலீஸ், பெண் உளவாளி, பெண் வில்லி. கதையை ஒரு போஸ்ட்கார்டில் எழுதிவிடலாம். செட் என்றால் பாதி கட்டிய கட்டடம், குடோன், கார் நிறுத்துமிடம். காசு இல்லை என்பது ஒவ்வொரு ஃப்ரேமிலும் தெரியும். ஆனால் சண்டை ஆரம்பித்ததும் அதெல்லாம் மறந்துபோகும்.

ஏன் என்று யோசித்தபோது புரிந்த முதல் விஷயம், கேமரா தள்ளி நிற்கிறது. தலையிலிருந்து கால்வரை தெரிகிற ஷாட். சண்டை தெரியாத ஒருவரை வைத்து எடுத்தால் அரை செகண்டுக்கு ஒரு தடவை வெட்டி, கேமராவை ஆட்டி, க்ளோசப்பில் முகத்தைக் காட்டிச் சமாளிக்க வேண்டும். இங்கே அதற்குத் தேவை குறைவு. தந்திரமே இல்லை என்று சொல்லவில்லை. 24-க்குப் பதில் 22 ஃப்ரேமில் எடுத்தால் திரையில் கொஞ்சம் வேகமாகத் தெரியும், அதைச் செய்வார்கள். ஆபத்தான இடங்களில் டூப்பும் உண்டு. ஆனால் அந்த உதை, அந்தத் திரும்பல், அந்தச் சமநிலை எல்லாம் பல வருஷப் பயிற்சி. அதை எடிட்டிங்கில் உருவாக்க முடியாது.

இவர்கள் யார் என்று பார்த்தால் ஆச்சரியம். மிஷெல் யோ மலேசியாவின் ஈப்போவில் பிறந்தவர். பாலே கற்க இங்கிலாந்து போய், முதுகில் அடிபட்டு, மேடையில் ஆடும் கனவை விட்டவர். தற்காப்புக் கலை கற்று வளர்ந்தவரே இல்லை. நடனக்காரியின் உடம்பை வைத்துக்கொண்டு சண்டையைக் கற்றுக்கொண்டார். இதற்கு முன்னுதாரணமும் இருக்கிறது. 1966-லேயே கிங் ஹூ இயக்கிய 'கம் ட்ரிங்க் வித் மீ' படத்தில் வாள் வீசிய செங் பெய்-பெய்யும் பாலே கற்றவர்தான். 'யெஸ், மேடம்!' படத்தில் கூட நடித்த அமெரிக்கப் பெண் சிந்தியா ராத்ராக் அதற்கு நேர் எதிர். நடிப்பு தெரியாது, சண்டை தெரியும். 1981 முதல் 1985 வரை கராத்தே ஃபார்ம்ஸ், ஆயுதப் போட்டிகளில் சாம்பியன். அவருக்கு அதுதான் முதல் படம். அப்புறம் யுகாரி ஒஷிமா, ஜப்பானிலிருந்து வந்த கராத்தேக்காரர். மூன் லீ, இவரும் நடனம் கற்றவர். 1987-ல் வந்த 'ஏஞ்சல்' படத்தின் கடைசியில் ஒஷிமாவும் மூன் லீயும் மோதுகிற சண்டையைப் பாருங்கள். அழகாகத் தெரிய வேண்டும் என்ற கவலை ரெண்டு பேருக்கும் கிடையாது. ஜெயிக்க வேண்டும், அவ்வளவுதான்.

என் கதைக்கு இங்கே ஒரு இடம் உண்டு. ஆறாம் வகுப்பிலிருந்து ஒன்பதாம் வகுப்பு வரை நான் கராத்தே போனேன். பிரவுன் பெல்ட் வரை வந்தேன். பத்தாம் வகுப்பு பப்ளிக் எக்ஸாம் என்றதும் நிறுத்தினார்கள். எக்ஸாம் முடிந்ததும் போகலாம் என்றார்கள். அப்புறம் ப்ளஸ் ஒன், ப்ளஸ் டூ, கட் ஆஃப், கவுன்சிலிங். அந்த வெள்ளை டிரெஸ்ஸை அம்மா யாருக்கோ கொடுத்துவிட்டார். நானும் கேட்கவில்லை. மூன் லீயைப் பார்த்த ராத்திரி, லைட்டை அணைத்தபிறகு ஹாஸ்டல் காரிடாரில் போய்த் தனியாக ஒரு உதை உதைத்துப் பார்த்தேன். இடுப்புக்கு மேலே கால் எழும்பவில்லை. அழுகை வந்தது. யாரிடமும் சொல்லவில்லை. மறுநாளிலிருந்து காலை ஐந்தரைக்கு எழுந்து மொட்டை மாடியில் ஸ்ட்ரெட்சிங்.

இப்படிப்பட்ட நேரத்தில்தான் எங்கள் பேட்ச் பையன் ஒருவன் கல்ச்சுரல்ஸுக்கு ஷார்ட் ஃபிலிம் எடுத்தான். பட்ஜெட் மூவாயிரம் ரூபாய். அதில் பாதி பிரியாணிக்கு. கதையில் ஒரு சின்ன சண்டை. "நீ கராத்தே கத்துக்கிட்டவதானே, பண்றியா?" என்றான். கேட்கணுமா!

ஒர்க்‌ஷாப் பின்னால் இருக்கிற சிமெண்ட் மேடை. ஒரு மீட்டர் உயரம் இருக்கும். மேலே ஒருத்தன் என்னைத் தள்ளுவான், நான் கீழே விழுந்து உருண்டு எழ வேண்டும். "ஜிம்ல மேட் இருக்கு. பி.டி. சார்கிட்ட லெட்டர் குடுத்தா ரெண்டு நாள்ல கிடைக்கும், கேக்கட்டுமா?" என்று அவன் கேட்டான். இதை எழுதியே ஆக வேண்டும். அவன் கேட்டான். நான்தான் வேண்டாம் என்றேன். "ஹாங்காங்ல எல்லாம் மேட் போட்டா எடுத்தாங்க? ஒரே டேக், முடிச்சிடலாம்" என்றேன். சொல்லும்போது ஒரு திமிர் இருந்தது. நல்ல திமிர் என்று நினைத்துக்கொண்டேன்.

ஒரே டேக்தான். ஷாட் அருமையாக வந்தது. சுற்றி நின்றவர்கள் கைதட்டினார்கள். நான் எழுந்து சிரித்தேன். சாயங்காலம் மணிக்கட்டு வீங்க ஆரம்பித்தது. மறுநாள் எக்ஸ்ரே. எலும்பில் விரிசல். மாவுக்கட்டு.

கட்டோடு கட்டிலில் கிடந்தபோது, பார்க்காமல் விட்டிருந்த மூன் லீ படம் ஒன்றைப் போட்டோம். 1989-ல் வந்த 'டெவில் ஹன்டர்ஸ்'. கடைசிக் காட்சியில் மூன் லீயும் சிபெல் ஹூவும் கட்டடத்திலிருந்து வெளியே குதிக்கிறார்கள், பின்னால் வெடி வெடிக்கிறது. அந்த வெடியின் கணக்கு தப்பிவிட்டது. நெருப்பு ரெண்டு பேரையும் நிஜமாகவே பிடித்துக்கொண்டது. பலத்த தீக்காயம், ஆஸ்பத்திரி. அந்த ஷாட்டையே படத்தில் வைத்திருக்கிறார்கள். படமும் அங்கேயே முடிந்துவிடுகிறது.

இந்தத் தடவை யாரும் பத்து செகண்ட் பின்னால் தள்ளவில்லை.

அதற்கு முன்னால் பார்த்ததெல்லாம் வேறு மாதிரி ஞாபகம் வர ஆரம்பித்தது. 2008-ல் வந்த தாய்லாந்துப் படம் 'சாக்லேட்'. ஜீஜா யானின் என்ற டேக்வாண்டோ வீராங்கனைக்கு அது முதல் படம். அம்மாவின் மருந்துக்காக, ஊரில் அம்மாவுக்கு வர வேண்டிய கடனை வசூலிக்கக் கிளம்புகிற ஆட்டிசம் உள்ள பெண்ணாக நடித்திருப்பார். அது முடிந்து பெயர்கள் ஓடும்போது, ஷூட்டிங்கில் அடிபட்ட காட்சிகளைக் காட்டுவார்கள். ரத்தம், கட்டு, ஸ்ட்ரெச்சர். அதைப் பார்த்து நாங்கள் விசில் அடித்திருக்கிறோம். மிஷெல் யோவும் 1996-ல் ஆன் ஹூய் இயக்கத்தில் ஸ்டண்ட் பெண்ணாகவே நடித்த படத்தில், பாலத்திலிருந்து குதிக்கும் காட்சியில் மோசமாக அடிபட்டிருக்கிறார். அதையும் வீர சாகசமாகத்தான் படித்திருந்தேன்.

என் கையைப் பார்த்தேன். அவர்களிடம் வேறு வழி எவ்வளவு இருந்திருக்கும் என்று எனக்குத் தெரியாது. என்னிடம் ஒரு லெட்டரும் ரெண்டு நாளும் இருந்தன.

மெக்கானிக்கல் படிக்கிறவள் என்பதால் கணக்கு போடாமல் இருக்க முடியவில்லை. ஒரு மீட்டர் உயரத்திலிருந்து விழுந்து, சிமெண்ட் தரையில் ஒரு சென்டிமீட்டருக்குள் நின்றுவிட்டால், சராசரியாக எடையின் சுமார் 100 மடங்கு விசை. அதே ஆள் 30 சென்டிமீட்டர் அமுங்குகிற ஏதாவது ஒன்றின்மேல் விழுந்தால் சுமார் 4 மடங்குதான். முதல் வருஷ மெக்கானிக்ஸ். அதில் நான் எடுத்தது ஓ கிரேடு!

இதில் இன்னொரு கூத்து. ஹாங்காங் ஸ்டண்ட் ஆட்கள் உயரத்திலிருந்து விழும்போது கீழே எதை அடுக்குவார்கள் தெரியுமா? காலி அட்டைப்பெட்டி. பெட்டி நசுங்கி நசுங்கி வேகத்தை வாங்கிக்கொள்ளும். காரில் இருக்கிற க்ரம்பிள் ஸோன் மாதிரி. ஃப்ரேமுக்கு வெளியே இருப்பதால் நமக்குத் தெரியாது. நான் அந்தப் படங்களில் தெரிந்ததை மட்டும் காப்பி அடித்தேன். பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஃப்ரிட்ஜ், டிவி விற்கிற கடையில் கேட்டால் பெட்டி சும்மா கொடுப்பார்கள். ஆகவே "பட்ஜெட் இல்லை" என்பது என் விஷயத்தில் பொய். பயிற்சிக்குக் காசு தேவையில்லை, பெட்டிக்கும் காசு தேவையில்லை. நான் மிச்சம் பிடித்தது வெறும் ரெண்டு நாள்.

கட்டு பிரித்த வாரம் ஊருக்குப் போனேன். அம்மாவிடம் ஷார்ட் ஃபிலிமைப் போட்டுக் காட்டினேன். விழுகிற இடம் வந்ததும் அம்மா என் கையைப் பார்த்தார், திரையைப் பார்த்தார். திட்டுவார் என்று காத்திருந்தேன்.

"பாத்ரூமாம் பாத்ரூம்" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "நான் ஸ்கூல் படிக்கிறப்ப 'வைஜெயந்தி ஐ.பி.எஸ்.' பாத்துட்டு வந்து, போலீஸ் ஆவேன்னு சொன்னேன். எங்கப்பா ஒரு வாரம் எங்கிட்ட பேசல" என்றார். விஜயசாந்தி நடித்த அந்தப் படம் தெலுங்கில் 1990-ல் வந்த 'கர்தவ்யம்'. இங்கே டப் ஆகி ஓடியது. அம்மா அதைப் பார்த்திருக்கிறார் என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

"திரும்பக் கிளாஸ் போறதுன்னா போ. பொய் சொல்லிட்டு விழாத" என்றார்.

இந்த செமஸ்டரில் சனி, ஞாயிறு கராத்தே கிளாஸ் போகிறேன். எட்டாம் வகுப்புப் பிள்ளைகளோடு நிற்கிறேன், திரும்ப முதலிலிருந்து. கால் இப்போது தோள்வரை எழும்புகிறது. அடுத்த ஷார்ட் ஃபிலிமில் சண்டைக்கு நான்தான் பொறுப்பு. ஜூனியர் பெண்கள் ரெண்டு பேர் நடிக்கிறார்கள். ஒருத்தி வந்து, "அக்கா, மேட்லாம் வேணாம்க்கா, நான் அப்படியே விழுந்துடுவேன்" என்றாள்.

"முதல்ல போய் பெட்டி எடுத்துட்டு வா" என்றேன். பத்தொன்பது பெட்டி கொண்டுவந்திருக்கிறாள். ஹாஸ்டல் சைக்கிள் ஸ்டாண்டில் அடுக்கி வைத்திருக்கிறோம். வாட்ச்மேன் அண்ணா தினமும் கேட்கிறார், யார் ரூம் காலி பண்ணுறீங்க என்று.