வீதியும் சுதந்திரமும்

ஒருவர் தமது வீட்டு வளவுக்குள் எவ்வாறு நடந்தாலும் கேட்பாரில்லை. படலையைத் திறந்து ஒழுங்கையிற் கால் வைத்த மாத்திரத்தே நிலைமை வேறாகின்றது. அங்கே அவருக்குள்ள உரிமை எதிரே வருபவருக்கும் உண்டு. இவ்விரு உரிமைகளும் ஒன்றோடொன்று மோதாது செல்லுதற்கு வகுக்கப்பட்ட ஒழுங்கே வீதிச் சட்டம். அச்சட்டம் தனியாரின் சுதந்திரத்தில் எவ்வளவு தூரம் தலையிடலாம் என்னும் வினாவை எம் பழைய மாணவர் முன்னும் இளம் மாணவர் முன்னும் இம்மலர் வாயிலாக வைக்க விழைகின்றோம்.

இவ்வினா எம்மவர்க்கு ஏட்டுச் சுரைக்காயன்று. 2006 ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில் ஏ-9 வீதி மூடப்பட்டபோது, குடாநாட்டினின்றும் தெற்கே செல்வோர்க்குக் கடலும் வானுமன்றி வேறு வழி இல்லாதொழிந்தது. சோதனைச் சாவடிதோறும் இறங்கி ஏறிய தலைமுறை எமது தலைமுறை. ஆதலின் சீருடை அணிந்த ஒருவர் வீதியிற் கைகாட்டி மறிக்கும்போது, காரணத்தை ஆராயுமுன்னரே எம் உள்ளம் சலிப்புறுவது இயல்பே. ஆயினும் வீதியை அடைக்கும் கட்டளை வேறு. வீதியை யாவர்க்கும் உரியதாக்கும் விதி வேறு. இவ்விரண்டையும் வேறுபிரித்தறியாவிடின், நாம் பழைய வெறுப்பினால் புதிய கேட்டைத் தேடிக்கொள்வோம்.

எமது நாட்டின் மோட்டார் வாகனப் போக்குவரத்துச் சட்டம் 1951 ஆம் ஆண்டின் 14 ஆம் இலக்கச் சட்டமாகும். வீதியின் இடப்புறமாகச் செல்லும் வழக்கம் முதலாகப் பல ஒழுங்குகள் பிரித்தானியரிடமிருந்து எமக்கு வந்தவை. ஆதலின் அந்நாட்டார் பட்டறிந்தவற்றை நோக்குதல் பொருத்தமாகும்.

1865 இல் அங்கே இயற்றப்பட்ட சட்டமொன்று, இயந்திர வண்டிகள் நாட்டுப்புறத்தில் மணிக்கு 4 மைலுக்கும் நகரத்தில் 2 மைலுக்கும் மேற்படச் செல்லலாகாது என்றது. வண்டிக்கு 60 யார் முன்னே ஒருவர் செங்கொடி ஏந்தி நடத்தலும் வேண்டும். நடப்பவனிலும் மெதுவாகச் செல்லும் வண்டியை யார்தான் விரும்புவர்? 1896 இல் இலேசான வண்டிகள் இத்தளையினின்றும் விடுபட்டன. அதே ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில் இலண்டனிற் பெண்ணொருத்தி மோட்டார் வண்டி மோதி இறந்தாள். இத்தகைய மரணம் இனியொருபோதும் நிகழாதென நம்புவதாக மரண விசாரணை அதிகாரி கூறினாராம். அந்த நம்பிக்கை பொய்த்தமை உலகறிந்தது.

1903 இல் 20 மைல் என்னும் வேக எல்லை விதிக்கப்பட்டது. அதனை எவரும் பொருட்படுத்தாமையால், 1930 இல் கார்களுக்கு வேக எல்லையே வேண்டாமென நீக்கினர். 1934 ஆம் ஆண்டில் மட்டும் பிரித்தானிய வீதிகளில் 7,343 பேர் மாண்டனர். அவருட் பெருந்தொகையினர் காரிலேறாத பாதசாரிகள். குடியிருப்புப் பகுதிகளில் 30 மைல் எல்லை விதிக்கும் மசோதா வந்தபோது, பாராளுமன்றத்தில் மூர்-பிரபசன் என்பார் அதனை எதிர்த்துப் பேசினார். முற்காலத்திற் கார்களில் அகப்பட்டு மடிந்த கோழிகளை நினைவூட்டி, கோழிகள் பழகிக்கொண்டவாறே மக்களும் பழகிக்கொள்வர் என்னும் கருத்துப்பட அவர் வாதித்தார். ஓட்டுபவரின் சுதந்திரமொன்றையே சுதந்திரமெனக் கொள்வோர்க்கு நடப்பவர் கோழியாகத் தோன்றுதல் வியப்பன்று. ஆயினும் மசோதா சட்டமாயிற்று. 1935 முதல் அந்த எல்லை நடைமுறைக்கு வந்தது.

பிறருக்கு ஊறு நேருமிடத்துச் சட்டம் தலையிடலாம் என்பதில் அறிவுடையோர்க்கு ஐயமில்லை. தனக்கே ஊறு தேடிக்கொள்பவனைத் தடுக்கலாமா என்பதே சிக்கலான வினா. 1859 இல் ஜோன் ஸ்டுவட் மில் சுதந்திரத்தைப் பற்றி எழுதிய நூலிற் பாலமொன்றை உவமை காட்டுகின்றார். பழுதுற்ற பாலத்தை அறியாது ஒருவன் கடக்கப் புகுந்தால், எச்சரிக்க நேரமில்லாதவிடத்து அவனைப் பிடித்து நிறுத்துதல் குற்றமன்று; ஆற்றில் விழுதல் அவன் விருப்பமன்று அன்றோ? ஆனால் ஆபத்து உறுதியாயன்றி ஐயமாயிருப்பின், எச்சரித்தபின் அவன் வழியில் விடுதலே முறை என்பது அவர் கருத்து.

எம்முடன் ஒரே வகுப்பிற் பயின்ற நண்பரொருவர் மில்லின் கட்சியினர். தர்க்கத்தில் அவரை வெல்லுதல் அரிது. மோட்டார்ச் சைக்கிளில் தலைக்கவசமின்றிச் செல்லுதலை அவர் ஒரு கொள்கையாகவே கொண்டிருந்தார். "என் தலை எனக்குரியது, அது உடைந்தால் அரசாங்கத்துக்கு என்ன நட்டம்?" என்பார். ஒரு மாலைப்பொழுதில் மாடொன்று குறுக்கே பாய, வண்டி சரிந்தது. வேகம் அதிகமில்லை, கைகாலிற் சிராய்ப்பன்றி வேறு காயமுமில்லை. தலை மட்டும் வீதியோரக் கல்லில் மோதியது. 11 நாட்கள் நினைவின்றிக் கிடந்து மறைந்தார். அவருடைய மகள் அப்போது பத்தாம் வகுப்பிற் படித்துக்கொண்டிருந்தாள். அவள் படிப்பு நின்றுவிடாதிருத்தற்காக வகுப்புத் தோழர் சிலர் கூடி மாதந்தோறும் சிறு தொகை அனுப்பிவந்தோம். நண்பரின் வினாவுக்கு விடை கூற வேண்டுமாயின், நட்டம் அரசாங்கத்துக்கு அன்று, அந்தப் பிள்ளைக்கு என்றே கூறுவோம்.

ஆயினும் இந்த ஒரு துயரத்தைக் காட்டி எந்தக் கட்டுப்பாட்டையும் நியாயப்படுத்திவிடல் ஆகாது. 1973 இல் பிரித்தானியாவில் தலைக்கவசம் கட்டாயமாக்கப்பட்டபோது, தலைப்பாகை அணியும் சீக்கியர் அதனை ஏற்க மறுத்தனர். 1976 இல் தலைப்பாகை அணிந்த சீக்கியர்க்கு விலக்களித்துத் தனிச் சட்டம் இயற்றப்பட்டது. அணியாமையால் வரும் ஆபத்துப் பெரும்பாலும் அணியாதவரையே சாருமாதலின், சமய நம்பிக்கைக்கு அங்கே இடங்கொடுக்க முடிந்தது. வண்டியின் தடைக்கோ விளக்குக்கோ எச்சமயத்தவரும் விலக்குக் கேட்கவில்லை, கேட்டாலும் கிடைத்திராது. பிறருயிரைக் காக்கும் விதிக்கும் தன்னுயிரைக் காக்கும் விதிக்கும் உள்ள வேற்றுமை இதனால் விளங்கும்.

மற்றொன்றும் ஈண்டுக் கூறற்பாலது. 1967 வரை அந்நாட்டிற் குடித்துவிட்டு வண்டியோட்டினாரா என்பது பெரும்பாலும் பொலிசார் கண்டதையும் வைத்தியர் கருத்தையும் பொறுத்ததாயிருந்தது. அவ்வாண்டிற் போக்குவரத்து அமைச்சர் பாபரா காசில் அம்மையார் மூச்சுச் சோதனையைக் கொணர்ந்தார். 100 மில்லிலீற்றர் இரத்தத்தில் 80 மில்லிகிராம் மதுசாரம் என்பது எல்லையாயிற்று. தாமே வண்டியோட்டத் தெரியாத அம்மையார் பிறருடைய சுதந்திரத்தைப் பறிக்கின்றார் எனப் பலர் கொதித்தெழுந்தனர். ஆனால் முதலாண்டிலேயே வீதி மரணங்கள் 1,000க்கு மேற் குறைந்தன. அதனினும் சிறப்பு யாதெனின், அதிகாரியின் எண்ணத்துக்குப் பதிலாக அளவொன்று நீதியாயிற்று. அளவு தெளிவானவிடத்துக் குற்றமற்றவர் அஞ்சவேண்டுவதில்லை. நல்ல சட்டம் சுதந்திரத்தைக் குறைப்பதோடமையாது, காக்கவும் வல்லது என்பதற்கு இதுவே சான்று.

ஆதலின் எந்த வீதி விதியையும் மூன்று வினாக்களால் உரைத்துப் பார்த்தல் தகும். அது யாருடைய உயிரைக் காக்கின்றது? ஆபத்தின் அளவுக்கு ஏற்ற அளவிலேதான் தடுக்கின்றதா? எளியவர் வலியவர் என்னும் வேறுபாடின்றி நடைபெறுகின்றதா? விளக்கில்லாத துவிச்சக்கர வண்டியை மறிக்கும் கை, போட்டியிட்டு ஓடும் பேருந்தையும், வாயிற் பெயர்களை அடுக்கிக்கொண்டு இறங்கும் பெரியவரின் வாகனத்தையும் மறித்தல் வேண்டும். மறியாதவிடத்துக் குறை விதியினதன்று, அதனைக் கையாள்வோரது. அதனைத் தட்டிக்கேட்டலும் குடிமக்களின் கடனே.

இளம் மாணவர்களே, வீதி எவருக்கும் மூடப்படாதிருத்தல் வேண்டுமென நாம் நெடுங்காலம் ஏங்கினோம். திறந்த வீதி இன்று உங்கள் முன் கிடக்கின்றது. அதில் விரைந்து செல்லும் உரிமை உங்களுக்குண்டு. அச்சமின்றிக் குறுக்கே கடக்கும் உரிமை பாடசாலை விட்டு வரும் ஐந்து வயதுப் பிள்ளைக்கும் உண்டு. இவ்விரண்டும் நேர்ப்படுமிடத்துப் பிள்ளைக்கு வழிவிடுவோரையே இக்கல்லூரி தன் மாணவரெனச் சொல்லிப் பெருமையடையும்.