வில்லோட விமானம் ஏறுறது எப்படி?

மக்களே, செப்டம்பர் வந்தா ஆபீஸ் ஆணியை எல்லாம் ஓரங்கட்டிட்டு டல்லாஸ்ல இருந்து கொலராடோ மலைக்குக் கிளம்பிடுவேன். எல்க் மான் வேட்டை! துப்பாக்கி இல்லீங்க, வில்லு அம்புதான். ராமாயணத்து வில்லுன்னு நினைக்காதீங்க, கப்பி, கேபிள் எல்லாம் வெச்ச காம்பவுண்ட் வில்.

வில், அம்பு ரெண்டையும் கேபினுக்குள்ள விடமாட்டாங்க. கெட்டியான பொட்டியில போட்டு செக்-இன்தான் பண்ணணும். அம்பு முனையில மாட்டுற பிராட்ஹெட் சவர பிளேடு மாதிரி. கழட்டி தனி டப்பாவுல மூடிடுங்க, பொட்டியைத் திறந்து பாக்குறவர் கை பத்திரம்! சந்துல எல்லாம் ஜாக்கெட், சாக்ஸைத் திணிச்சா வில் ஆடாது. ஆனா எடை பொதுவா 50 பவுண்டுக்குள்ள இருக்கணும். கரடி ஸ்பிரே, அடுப்பு கேஸ் எந்தப் பொட்டியிலயும் கூடாது. இறங்கின ஊர்ல வாங்கிக்கலாம்.

இனிமேதான் முக்கியமான விஷயம். கிளம்புறதுக்கு முன்னாடி, குறி பாக்குற சைட் எங்க நிக்குதுன்னு மார்க்கர்ல கோடு போட்டுடுவேன். இறங்கினதும் கோடு விலகாம இருந்தாலும் சரி, ஃபோம் இலக்குல நாலு அம்பு விட்டுப் பாக்காம காட்டுக்குள்ள கால் வைக்கமாட்டேன். 20 கஜத்துல ஒரு இஞ்ச் விலகுற சைட், 40 கஜத்துல ரெண்டு இஞ்ச் விலகும். ஃபோம்ல அது வெறும் ஓட்டை. நெஞ்சுல பட வேண்டிய அம்பு வயித்துல பட்டா, அந்த மான் மணிக்கணக்கா துடிக்கும்.

டெஸ்ட் பண்ணாத கோடை புரொடக்‌ஷன்ல விட்டா பக் ரிப்போர்ட்டாவது வரும். காட்டுல அடிபட்டு ஓடின மான் எதுவும் எழுதிப் போடாதுங்க. அதுக்காக வேட்டையில அரை நாள் போனாலும் பரவாயில்லை.