வாங்கிய பெட்டி எவருக்கு உரியது?

விளையாட்டு வினையாகும் என்பது வழக்கு. அங்கு வினை துன்பத்தைக் குறிக்கும். ஆயினும் வினைக்குச் செயல் என்னும் பொருளும் உண்டு. விளையாட்டுக் கருவி ஒன்று அறிவுச் செயலுக்கு உதவிய வரலாற்றையும், பின்னர் அவ்வாயில் அடைக்கப்பட்ட வரலாற்றையும் படித்த நாள்முதல் ஒரு வினா நம் நெஞ்சில் நிலைத்துள்ளது. தமிழ் கற்பிக்கும் நமக்குக் கணிப்பொறியில் என்ன அலுவல் எனச் சிலர் கேட்கலாம். நம் வினா உடைமையைப் பற்றியது. ஆதலின் அது அனைவர்க்கும் உரியதே.

1991ஆம் ஆண்டில் ஹெல்சின்கிப் பல்கலைக்கழக மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கியது லினக்ஸ் என்னும் இயங்குதளம். அதன் மூல நிரலை எவரும் படிக்கலாம், திருத்தலாம், பிறர்க்கு வழங்கலாம். தொலைக்காட்சியோடு இணைத்து ஆடும் விளையாட்டுப் பெட்டியோ இதற்கு நேர்மாறானது. உள்ளிருப்பது கணிப்பொறியே எனினும், செய்தோர் ஒப்பிய ஆட்டங்களையன்றிப் பிறவற்றை அது ஏற்பதில்லை.

இவ்விரண்டையும் இணைக்கச் சோனி நிறுவனமே முதலில் வழி திறந்தது. பிளேஸ்டேஷன் 2 பெட்டிக்கென விசைப்பலகை, சுட்டி, 40 கிகாபைட் வன்தட்டு ஆகியவற்றுடன் லினக்ஸ் தொகுப்பொன்றை 2002இல் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் விற்றது. 2006இல் வந்த பிளேஸ்டேஷன் 3 பெட்டியிலோ, வேறொரு இயங்குதளத்தை நிறுவும் வசதி பட்டியலிலேயே இடம்பெற்றிருந்தது. முழு உரிமை அன்று அது. படங்களை வரையும் சில்லினை லினக்ஸ் முழுமையாகப் பயன்படுத்த இயலாது. எனினும் செல் என்னும் அதன் செயலி கணக்கீட்டில் பெருவலிமை உடையது.

ஆட்டங்களின் விற்பனையால் ஈடுசெய்யலாம் எனக் கருதி அப்பெட்டியை அடக்கவிலைக்கும் குறைவாகவே விற்றனர். அதனால் எளிய விலையில் அரிய ஆற்றல் கிட்டியது. 2007இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்து டார்ட்மவுத் வளாக இயற்பியலறிஞர் கௌரவ் கன்னா, 8 பெட்டிகளை லினக்ஸால் இணைத்துக் கருந்துளைகள் பற்றிய கணக்கீடுகளைச் செய்தார். 2010இல் அந்நாட்டு வான்படையின் ஆய்வகம் 1,700க்கும் மேற்பட்ட பெட்டிகளைக் கொண்டு மீக்கணினி ஒன்றை அமைத்தது.

அதே 2010இன் தொடக்கத்தில், லினக்ஸ் வழியே பெட்டியின் காவலை ஊடுருவியதாக ஓர் இளைஞர் அறிவித்தார். பாதுகாப்பைக் காரணங்காட்டி ஏப்ரல் 1ஆம் நாள் வெளியிட்ட புதுப்பிப்பின் வாயிலாகச் சோனி அவ்வசதியை நீக்கியது. புதுப்பிக்க மறுத்தோர் இணையவழி ஆட்டத்தை இழந்தனர். புதுப்பித்தோர் லினக்ஸை இழந்தனர். இரண்டையும் நம்பி விலை கொடுத்தவர் யாதேனும் ஒன்றை இழந்தே தீரவேண்டும்!

வகுப்பில் இதனை எடுத்துரைத்தபோது மாணவர் ஒருவர், "ஐயா, திருட்டைத் தடுக்கச் செய்ததைக் குறை கூறலாமா?" என்றார். நல்ல வினா. பிறர் உழைத்துச் செய்த ஆட்டத்தை விலையின்றிப் படியெடுப்பது களவே. அதனை நாம் ஆதரியோம். ஆனால், நாம் வாங்கிய நூலைப் பிறனொருவன் திருட்டுப் பதிப்பாக்கினான் என்பதற்காக, பதிப்பாளர் நம் இல்லம் புகுந்து சில ஏடுகளைக் கிழித்துச் செல்வது முறையாகுமா? இவ்வாறு திருப்பிக் கேட்டோம். வகுப்பு நெடுநேரம் வாதிட்டது.

அடைத்ததால் காவல் மிகவுமில்லை. அவ்வாண்டு டிசம்பரில் பெர்லின் மாநாட்டில் சில வல்லுநர், மின்கையொப்பத்தில் ஒவ்வொரு முறையும் மாறவேண்டிய எண் மாறாதிருந்ததைக் காட்டி, பெட்டியின் பூட்டையே திறந்தனர். லினக்ஸை மீட்பதே தம் நோக்கம் என்றனர். வாங்கியோர் தொடுத்த வழக்கு 2018இல் 37.5 இலட்சம் டாலர் உடன்பாட்டில் முடிந்தது. ஆனால் நீக்கப்பட்ட வசதி மீளவில்லை.

மாணவச் செல்வங்களே! இன்று நம் கைப்பேசியும் மின்னூலும் அவ்வாறே தொலைவிலிருந்து மாற்றப்படத் தக்கவை. பொருள் வாங்குமுன் விலையை மட்டும் கேளாதீர். இதனை நாம் திறந்து பார்க்கலாமா, நம் தேவைக்கேற்ப ஆளலாமா, கொடுத்ததை விற்றவர் பின்னாளில் பறிக்க இயலுமா எனவும் கேளுங்கள். பொருள் குறைந்த கல்விக்கூடத்து மாணவர்க்கு, திறந்து பார்க்கத்தக்க ஒரு பெட்டியே ஓர் ஆய்வுக்கூடம். அதனை இழக்க நாம் உடன்படலாகாது.