மூன்று எண்களைக் கேட்ட உனக்கு

அன்புள்ள மேனுவல் மோடுக்கு,

கேமராவின் தலையில் இருக்கும் திருகில் ஆட்டோ, பி, எஸ், ஏ எல்லாவற்றையும் தாண்டி, 'எம்' என்ற ஒற்றை எழுத்தாக நீ உட்கார்ந்திருக்கிறாய். மற்றவை படத்தை எடுத்துக் கையில் கொடுத்துவிடும். நீ மட்டும்தான் என்னிடம் கேட்டாய்: ஷட்டர் எவ்வளவு, அப்பர்ச்சர் எவ்வளவு, ஐஎஸ்ஓ எவ்வளவு? அதற்குப் பதில் தேடப் போய்த்தான் நான் பார்க்கவே பழகினேன்.

மேனுவலே, நொடியைப் பிளந்து காட்டியது நீதான். ஊர்த் திருவிழாவில் பறையடித்தவரின் கைகளை 1/30 நொடியில் எடுத்தபோது விரலும் அடிக்குச்சியும் காற்றில் கரைந்து ஓடின. 1/1000 நொடியில் குச்சி தோலைத் தொடும் முன்பே உறைந்து நின்றது. ஒன்றில் அடியின் வேகம் இருந்தது. மற்றொன்றில் மணிக்கட்டின் நரம்பு தெரிந்தது. இரண்டும் அவருடைய கலைதான். எதைச் சொல்ல வேண்டும் என்று முடிவெடுக்கும் உரிமையை என்னிடம் விட்டாய்.

மேனுவலே, 2.8, 4, 5.6, 8, 11, 16 என்ற அப்பர்ச்சர் வரிசையை எனக்கு மனப்பாடமாக்கியதும் நீதான். ஒவ்வொரு படிக்கும் உள்ளே வரும் வெளிச்சம் பாதியாகக் குறைகிறது. துளையின் பரப்பு பாதியாக, விட்டம் ஏறத்தாழ 1.4 மடங்கு சுருங்கினால் போதும். எண்கள் இப்படி 1.4 மடங்காக ஏறுவது அதனால்தான். எஃப் 2.8-இல் 1/1000 வைத்தாலும், எஃப் 8-இல் 1/125 வைத்தாலும் சென்சாருக்குக் கிடைப்பது ஒரே அளவு வெளிச்சம். ஆனால் ஒரு பூக்காரம்மாவை இப்படி இரு விதமாக எடுத்தால், முதல் படத்தில் அவளுடைய விரல்களும் மல்லிகைச் சரமும் மட்டும் தெளிவாக இருக்கும். இரண்டாவதில் பின்னால் நிற்கும் டீக்கடை, பேருந்து, காத்திருக்கும் கூட்டம் எல்லாம் வந்து சேரும். வெளிச்சம் ஒன்றே, அவளுடைய உலகம்தான் சுருங்கி விரிகிறது.

மேனுவலே, எங்கள் நிறத்தை எங்களுக்கே திருப்பித் தந்தாய். இதுதான் பெரிய கடன். கேமராவின் ஒளிமானிக்கு உலகம் முழுக்க நடுச்சாம்பல்தான். வெள்ளை வேட்டி நிறைந்த காட்சியை அது மங்கலாக்கும், கருங்கல் சிற்பத்தை வெளுக்கவைக்கும். வெள்ளைப் புடவை கட்டிய என் பாட்டியை ஆட்டோ மோடில் எடுத்தால் புடவை சாம்பலாகும், முகம் இருட்டுக்குள் போகும். உன்னிடம் வந்து, அவள் முகத்தில் விழும் வெளிச்சத்தை மட்டும் அளந்து எண்களை நிறுத்திவைத்தேன். கன்னத்துச் சுருக்கமும் கருமையின் மினுமினுப்பும் உள்ளது உள்ளபடி வந்தன. வெளுக்கவும் வேண்டாம், மறைக்கவும் வேண்டாம், அளந்து பார்த்தால் போதும் என்று காட்டினாய்.

மேனுவலே, வெளிச்சத்துக்கு நடக்கத் தெரியும் என்பதையும் உன்னோடுதான் அறிந்தேன். ஒற்றை பல்பிலிருந்து ஒரு மீட்டரில் இருப்பவர் இரண்டு மீட்டருக்கு நகர்ந்தால் அவர்மேல் விழும் வெளிச்சம் பாதியாவதில்லை, கால்வாசியாகிவிடுகிறது. நான் அப்பர்ச்சரை இரண்டு படி திறந்தாக வேண்டும். ஜன்னலோரம் உட்கார்ந்தவரின் மறுபக்க நிழலில் ஒரு தெர்மாகோல் பலகையை நிறுத்தினால் அந்தப் பக்கக் கண்ணும் விழித்துக்கொள்ளும். விலை உயர்ந்த விளக்குகள் இல்லாத வீட்டிலும் வெளிச்சத்துக்குப் பஞ்சமில்லை என்று நம்பவைத்தாய்.

மேனுவலே, நீ டிஜிட்டல் காலத்தில் எனக்கு வாய்த்தது பெரும் பேறு. 1975-இல் கோடாக் பொறியாளர் ஸ்டீவன் சாசன் செய்த முதல் டிஜிட்டல் கேமரா, ஒரு கறுப்பு வெள்ளைப் படத்தை கேசட் நாடாவில் பதிய 23 நொடி எடுத்துக்கொண்டது. பிலிம் காலத்தில் கற்றவர்கள் 36 படச் சுருளைச் சிக்கனமாகச் செலவழித்து, எண்களை நோட்டில் குறித்துவைத்து, கழுவி வரும்வரை காத்திருந்தார்கள். எனக்கோ ஒவ்வொரு படமும் தன் ஷட்டரையும் அப்பர்ச்சரையும் தன்னோடே சுமந்து வருகிறது. பக்கத்திலேயே ஹிஸ்டோகிராம் வரைபடம்: இருட்டு எவ்வளவு, வெளிச்சம் எவ்வளவு என்று. செலவுக்குப் பயப்படாமல் திரும்பத் திரும்பப் பழகும் வசதியை இப்படி வைத்துக்கொண்டு காத்திருந்தாய்.

மேனுவலே, இந்தக் கடன்களை உனக்கு அடைக்க வழியில்லை. அடுத்தவருக்குத்தான் கொடுக்க முடியும். கேமராவும் கையுமாக வந்து "என்ன செட்டிங் வைக்கட்டும்?" என்று கேட்கிறாள் அக்கா மகள். எண் எதையும் நான் சொல்வதில்லை. வெளிச்சம் எங்கிருந்து வருகிறது, அதில் உனக்கு என்ன பிடித்திருக்கிறது என்று கேட்கிறேன். அவள் பதில் சொல்லத் தொடங்கியதும் திருகை உன் பக்கம் திருப்பிக் கொடுக்கிறேன். அவளையும் பார்த்துக்கொள்.

என்றும் நன்றியுடன்,
உன்னிடம் பழகிய ஒரு கண்