திருப்பி உதைக்காத கால்கள்

உலகக் கோப்பையில் பெலே அடித்த முதல் கோலைப் பற்றி நண்பர் ஒருவர் சிலாகித்துப் பேசிக்கொண்டிருந்தார். அந்தக் கோலை வாங்கிக்கொண்ட அணி எது என்று கேட்டோம். நண்பருக்குத் தெரியவில்லை. வேல்ஸ் என்றோம். அன்று அந்த அணியின் முதன்மை ஆட்டக்காரர் காலில் காயத்துடன் ஆட்டத்துக்கு வெளியே இருக்க நேர்ந்ததையும், அதற்கு இரண்டு நாள்கள் முன்பு ஹங்கேரியர்கள் அவரை உதைத்துத் தள்ளியதையும், அவர் ஒருமுறைகூடத் திருப்பி உதைக்கவில்லை என்பதையும் சொன்னோம். நண்பர் சற்றும் தயங்காமல், "உம்மைப் போல் ஒரு ஏமாளி" என்றார்.

இந்த ஏச்சுக்கு ஒரு பின்புலம் உண்டு. பணியிடத்தில் நமக்கு ‘நல்லவர்’ என்று பெயர். அந்தப் பெயரின் விலை என்ன என்பது, நமக்கு வரவேண்டிய உயர்வு இருமுறை வேறொருவர்க்குப் போனபோது தெரிந்தது. ஆகவே நண்பரின் சொல் சற்று ஆழமாகவே தைத்தது. ஜான் சார்ல்ஸ் என்ற அந்த மனிதரின் வாழ்வை மறுபடி புரட்டிப் பார்க்கத் தொடங்கியது உண்மையில் தற்காப்புக்காகத்தான்.

சார்ல்ஸ் 1931 டிசம்பரில் ஸ்வான்ஸீ நகரின் கும்புர்லா பகுதியில் பிறந்தவர். பள்ளியை விட்டதும் உள்ளூர் சங்கத்தின் மைதானப் பணியாளராகச் சேர்ந்தார். அங்கிருந்து இங்கிலாந்தின் லீட்ஸ் யுனைட்டட் அவரை அழைத்துக்கொண்டது. 1950இல், பதினெட்டு வயதில், வேல்ஸ் நாட்டுக்காக ஆடினார். ஆறடி இரண்டங்குல உயரமும் அதற்கேற்ற தோள்களும் கொண்ட அவர் முதலில் ஆடியது தற்காப்பின் நடுவில். பிறகு அவரை முன்னணிக்கு நகர்த்தினார்கள். 1953-54 பருவத்தில் இரண்டாம் பிரிவில் 42 கோல்கள் அடித்தார். ஒரே மனிதர் கோட்டையைக் காப்பவராகவும் எதிரியின் கோட்டையை இடிப்பவராகவும் உலகத் தரத்தில் இருந்ததற்குக் கால்பந்து வரலாற்றில் இணைகள் மிகக் குறைவு. எந்த இடத்தில் அவர் சிறந்தவர் என்ற சர்ச்சை இன்றும் முடியவில்லை. முடியாமலிருப்பதே நமக்குப் பிடித்திருக்கிறது.

அக்காலத்து இங்கிலாந்தில் ஆட்டக்காரர்களின் வாரக் கூலிக்கு உச்சவரம்பு இருந்தது. 1958இல்கூட அது இருபது பவுண்டுதான். ஒப்பந்தக் காலம் முடிந்தாலும் சங்கம் விரும்பினால் ஒருவரைப் பிடித்துவைத்துக்கொள்ளலாம். பல்லாயிரம் பேர் நுழைவுச் சீட்டு வாங்கிப் பார்க்க வந்த மனிதர், ஒரு தேர்ந்த தொழிலாளியின் கூலியை விட அதிகம் பெற்றுவிடவில்லை. 1956 செப்டம்பரில் லீட்ஸ் மைதானத்தின் மேற்குப் பார்வையாளர் கூடம் தீப்பிடித்து எரிந்தது. மறுவருடம் இத்தாலியின் யுவென்டஸ் 65,000 பவுண்டு கொடுத்து சார்ல்ஸை வாங்கியது. பிரிட்டனில் அதுவரை எந்த ஆட்டக்காரருக்கும் தரப்படாத தொகை. எரிந்த கூடத்தை எழுப்ப அந்தப் பணம் உதவியது. அதே மேற்குக் கூடம் பிற்பாடு, அவர் இறந்த பிறகு, அவர் பெயரைத் தாங்கியது.

டூரினில் அவர் மலர்ந்தார். முதல் பருவத்திலேயே 28 கோல்களுடன் இத்தாலிய முதல் பிரிவில் முதலிடம். ஐந்து ஆண்டுகளில் மூன்று முறை பட்டம். போனிபெர்த்தி, அர்ஜென்டினாவிலிருந்து வந்த சீவொரி, சார்ல்ஸ் ஆகிய மூவர் கூட்டணியைப் பற்றி இன்றும் அங்கே முதியவர்கள் பேசுகிறார்கள். 1959ஆம் ஆண்டின் ஐரோப்பியச் சிறந்த ஆட்டக்காரர் தேர்வில் மூன்றாமிடம் பெற்றார். இத்தாலியர்கள் அவருக்கு வைத்த பெயர் ‘நல்ல பூதம்’ என்று பொருள்படுவது. தம் ஆட்ட வாழ்க்கை முழுவதிலும் நடுவரால் வெளியேற்றப்படாதவர், எச்சரிக்கப்படாதவர். டோரினோவுடனான ஓர் ஆட்டத்தில் தம் கை பட்டு எதிரணித் தடுப்பாளர் விழுந்துவிட, கோல் அடிக்கும் வாய்ப்பு முன்னே திறந்து கிடக்கையில் பந்தை வெளியே தள்ளிவிட்டார் என்று ஒரு கதை வழங்குகிறது.

இந்தக் கதையைச் சொன்னபோது நண்பர், "பார்த்தீரா?" என்றார்.

ஆனால் இன்னொரு கதையும் வழங்குகிறது. சீவொரி குள்ளமானவர், பெரும் கலைஞர், மூக்கின்மேல் கோபம். ஒருநாள் நடுவரிடம் அவர் எல்லைமீறிச் சண்டைக்குப் போக, சார்ல்ஸ் நடந்துசென்று சொந்த அணித் தோழரின் கன்னத்தில் ஒன்று வைத்து அடக்கினாராம். கை நீளாத மனிதரல்லர் அவர். யாரிடம் எப்போது நீட்டுவது என்பதில் அவருக்குச் சொந்தக் கணக்கு இருந்திருக்கிறது. இதைக் கேட்டு நண்பர் சிறிது நேரம் பேசவில்லை.

இனி சுவீடன், 1958. வேல்ஸ் அங்கே போய்ச் சேர்ந்ததே விசித்திரம். தகுதிச் சுற்றில் செக்கோஸ்லோவாக்கியாவுக்குப் பின்னால் தங்கிப்போன அணி அது. இஸ்ரேலுடன் ஆட மற்ற நாடுகள் மறுத்ததால், இரண்டாமிடம் பெற்றவர்களில் ஒருவரைக் குலுக்கலில் தேர்ந்தெடுக்க, சீட்டு வேல்ஸுக்கு விழுந்தது. அந்த அணியைப் பயிற்றுவித்த ஜிம்மி மர்ஃபி மான்செஸ்டர் யுனைட்டடின் துணைப் பயிற்சியாளருங்கூட. 1958 பிப்ரவரி 5ஆம் நாள் கார்டிஃபில் இஸ்ரேலுடனான இரண்டாம் ஆட்டம். அதற்காக அவர் தம் சங்கத்துடன் பெல்கிரேடுக்குப் போகவில்லை. மறுநாள் மியூனிக்கில் அந்த விமானம் விழுந்தது. பலியானவர்கள் 23 பேர்.

சுவீடனில் முதல் ஆட்டமே ஹங்கேரியுடன். சார்ல்ஸ் தலையால் முட்டிச் சமன் செய்தார். மூன்று ஆட்டங்களும் சமனில் முடிய, ஜூன் 17ஆம் நாள் மீண்டும் ஹங்கேரியுடனேயே முடிவுகட்டும் ஆட்டம். அதற்கு முந்தைய நாள்தான் ஹங்கேரியின் முன்னாள் பிரதமர் இம்ரே நாஜ் தூக்கிலிடப்பட்டிருந்தார். அரங்கில் மூவாயிரம் பேர்கூட இல்லை. சார்ல்ஸைக் குறிவைத்து உதைகள் விழுந்தன. நொண்டிக்கொண்டே ஆடினார். ஆல்சர்ச் ஒன்றும் மெட்வின் ஒன்றும் அடிக்க, வேல்ஸ் 2-1 என்று வென்றது. ஜூன் 19இல் கோதன்பர்கில் பிரேசிலுடன் காலிறுதி. அதில் சார்ல்ஸ் இல்லை.

அந்த ஆட்டத்தின் எஞ்சிய படச் சுருளைப் பலமுறை போட்டுப் பார்த்திருக்கிறோம். இரண்டாம் பாதியில் பதினேழு வயதுச் சிறுவன் நெருக்கத்துக்கு நடுவே பந்தை வாங்கிச் சட்டெனத் திரும்புகிறான். அன்று வேல்ஸின் தற்காப்பு நடுவில் நின்றவர் மெல் சார்ல்ஸ், ஜானின் தம்பி. பந்து வலைக்குள் உருள்கிறது. 1-0. அந்த ஒரே கோலோடு வேல்ஸின் பயணம் முடிந்தது. அந்நாடு அடுத்த உலகக் கோப்பையைக் காண 2022 வரை, 64 ஆண்டுகள் காத்திருந்தது.

பிந்தைய கதையைச் சுருக்கிவிடலாம். 1962இல் மறுபடி லீட்ஸ், பதினொரே ஆட்டங்கள், பிறகு ரோமா, கார்டிஃப், சிறு சங்கங்கள். மதுவிடுதி நடத்தினார், கடை வைத்தார், பணம் தங்கவில்லை. இறுதி ஆண்டுகளில் நினைவும் நழுவியது. 2004 ஜனவரியில் தொலைக்காட்சி நேர்காணலுக்காக இத்தாலி சென்றவர் அங்கேயே நோய்வாய்ப்பட்டார். ஒரு பாதத்தின் பகுதியை எடுக்க வேண்டியதாயிற்று. 42 ஆண்டுகளுக்கு முன் தம்மை விட்டுப் போன மனிதரை யுவென்டஸ் தன் விமானத்தில் ஊர் கொண்டுவந்து சேர்த்தது. பிப்ரவரி 21இல் காலமானார்.

இந்தக் கடைசிச் செய்தியை நண்பரிடம் நாம் வாதமாக வைக்கவில்லை. வைக்கக் கூச்சமாக இருந்தது. விமானம் அனுப்புவார்கள் என்று எண்ணியா ஒருவர் திருப்பி உதைக்காமலிருப்பார்? உதைத்திருந்தால் காயம் படாமலிருந்திருக்குமா என்பதற்கும் விடையில்லை. நண்பர்தான் சில நாள் கழித்துத் தொலைபேசியில் அழைத்து, கார்டிஃப் ஆட்டத்தின் தேதியை மறுபடி கேட்டார். சொன்னோம். குறித்துக்கொண்டு, அந்தச் சீவொரி கதை மெய்தானா என்று கேட்டார்.

"அப்படித்தான் சொல்கிறார்கள்" என்றோம்.

"மெய்யாகவே இருக்கட்டும்" என்று சொல்லி வைத்துவிட்டார்.