குயிலியும் வஞ்சியும்

மந்திரமும் காதலும் கலந்த கதை என்றால் இன்று படிக்கிற பிள்ளைகளுக்கு ஆங்கிலத் தொடர்கள்தான் நினைவுக்கு வருகின்றன. தலையணை கனத்தில் ஐந்தாறு பாகங்கள், முன்பக்கத்திலேயே யார் யார் என்று ஒரு பட்டியல். எங்கள் புதுச்சேரி அப்படிப்பட்ட இரண்டு கதைகளைத் தமிழுக்குக் கொடுத்திருக்கிறது. ஒன்று பாரதியாரின் ‘குயில் பாட்டு’, இன்னொன்று பாரதிதாசனின் ‘சஞ்சீவி பர்வதத்தின் சாரல்’. இரண்டையும் ஒரே மாலையில் படித்துவிடலாம். பரீட்சைக்கு என்று பிய்த்துப் பிய்த்துப் படிக்க வைத்ததில், இவை கதைகள் என்பதே பலருக்கு மறந்துபோயிற்று. அதனால் இங்கே பாட்டின் பொருளை விட்டுவிட்டு, கதைமாந்தரை மட்டும் அறிமுகம் செய்கிறேன்.

முதல் கதை நடக்கும் இடம் ஊருக்கு மேற்கே ஒரு மாந்தோப்பு. முத்தியால்பேட்டைப் பக்கம் கிருஷ்ணசாமிச் செட்டியாருக்குச் சொந்தமாக இருந்த தோப்பு அது. இன்றும் கருவடிக்குப்பம் சித்தானந்தர் கோயில் பக்கம் போனால் ‘குயில் தோப்பு’ என்றால் தெரியும். பறவை சுடும் வேடர்கள் வழக்கமாக வந்துபோகும் இடம் என்றும், கதை தொடங்கும் காலையில் அவர்கள் வரவில்லை என்றும் பாரதி சொல்கிறார். இந்தச் சின்னக் குறிப்பை முதல் வாசிப்பில் யாரும் கவனிப்பதில்லை. அங்கே பாடிக்கொண்டிருக்கிற குயில் போன பிறவியில் வேடர் வீட்டுப் பெண் என்பது கடைசியில்தான் தெரியவரும்.

கதாநாயகி அந்தக் குயில்தான். மனிதர் மொழி தெரிந்தவள். காதல் கிடைக்க வேண்டும், இல்லாவிட்டால் சாக வேண்டும் என்று பாடுகிறவள். நாயகன் பெயரில்லாத ஒரு கவிஞன். பாட்டைக் கேட்டதும் மயங்கிப்போகிறான். நான்காம் நாள் வா என்று அவள் சொல்லி அனுப்புகிறாள். அவனுக்கா பொறுமை இருக்கும்! மறுநாளே போய் நிற்கிறான். அங்கே அவள் ஓர் ஆண்குரங்கிடம் காதல் பேசிக்கொண்டிருக்கிறாள். என்னதான் மனிதர்கள் உடுத்திக்கொண்டாலும் வாலுக்கு எங்கே போவார்கள் என்று குரங்கின் அழகைப் புகழ்கிறாள். அதற்கு அடுத்த நாள் ஒரு கிழட்டு எருது. அதே பாட்டு, அதே உருக்கம். சிரிக்கவும் வைத்து, நாயகனின் வயிற்றெரிச்சலை நமக்கும் ஏற்றிவிடுகிற இடம் இது. குரங்கின்மேல் அவன் வாளை வீசுகிறான். அது தப்பி மறைகிறது. கண்ணால் கண்டதையே நம்பிக் கொதிக்கிறானே தவிர, அவளிடம் ஒரு வார்த்தை கேட்கவேண்டும் என்று அவனுக்குத் தோன்றுவதில்லை.

நான்காம் நாள் அவள் பேசுகிறாள். பொதிகைப் பக்கம் ஒரு முனிவர் தனக்குச் சொன்ன முற்பிறவிக் கதையைச் சொல்கிறாள். சேர நாட்டு மலையில் வேடர் தலைவன் முருகனின் மகள் சின்னக்குயிலி. மாமன் மகன் மாடன் அவளுக்காக உருகுகிறான். அவளுக்கு அவன்மேல் காதல் இல்லை. இரக்கப்பட்டு, கட்டிக்கொள்கிறேன் என்று வாக்குக் கொடுத்துவிடுகிறாள். அதற்குள் தகப்பன் அவளை நெட்டைக்குரங்கன் என்பவனுக்குப் பேசி முடிக்கிறான். பிறகு காட்டுக்கு வேட்டையாட வருகிறான் சேர இளவரசன். கண்டதும் காதல். ஆனாலும் குயிலி மயங்கிக் கிடப்பவள் அல்ல. உங்கள் அரண்மனையில் நூற்றுக்கணக்கில் பெண்கள் இருப்பார்களே, அந்தக் கூட்டத்தில் ஒருத்தியாக நான் வரமாட்டேன் என்று இளவரசன் முகத்துக்கு நேரே சொல்கிறாள். முறைப்படி மணந்து ராணியாக்குகிறேன் என்று அவன் சொன்ன பிறகுதான் இசைகிறாள். அந்த நேரத்தில் மாடனும் குரங்கனும் வந்து பின்னாலிருந்து வெட்ட, அவன் திரும்பி இருவரையும் வீழ்த்திவிட்டு அவள் மடியில் உயிர் விடுகிறான்.

எருதாகவும் குரங்காகவும் தோப்புக்கு வந்தது யார் என்று இப்போது விளங்கியிருக்கும். செத்துப் பேயான பிறகும் விடாமல், மறுபிறவியில் தேடிவந்த காதலனின் மனத்தில் சந்தேகத்தை விதைக்க அவர்கள் காட்டிய மாயம் அது.

1908-இல் ஆங்கிலேயரின் கைதுக்குத் தப்பிப் புதுவை வந்த பாரதி, 1918 வரை இங்கே இருந்தார். 1910-இல் அவருடைய ‘இந்தியா’ பத்திரிகையும் நின்றது. எழுத இடமில்லாமல் போன மனிதர், ஒற்றர்கள் சுற்றித் திரிந்த ஊரில், தோப்பில் உட்கார்ந்து இதைக் கற்பனை செய்தார். எதிரே வருபவன் நண்பனா வேவுகாரனா என்று தினமும் பார்த்துப் பார்த்து வாழ்ந்தவருக்கு, உருமாறி வருகிற பேய்களும் கண்ணை ஏமாற்றுகிற காட்சிகளும் வெறும் வேடிக்கையாக இருந்திருக்காது என்றே நான் நம்புகிறேன். அவர் மறைந்த பிறகு, 1923-இல்தான் இது நூலாக வந்தது.

இரண்டாம் கதை 1930-இல் வெளிவந்தது. எழுதியவர் இதே ஊரின் பள்ளிகளில் தமிழ் சொல்லிக்கொடுத்த கனகசுப்புரத்தினம் என்கிற பாரதிதாசன். நான்கு ஆண்டுகளுக்கு முன் மயிலம் முருகனைத் துதித்துப் பாடியிருந்தவர், இப்போது சுயமரியாதைக்காரராகிவிட்டார். ஆனாலும் கதை குயில் கூவுகிற மலைச்சாரலில்தான் ஆரம்பிக்கிறது. தன் குரு பாரதியின் தோப்பிலிருந்து அந்தப் பறவையைக் கையோடு கூட்டிவந்தார் போலிருக்கிறது.

நாயகன் குப்பன், நல்ல பையன், ஆனால் பயந்தவன். நாயகி வஞ்சி. மலைமேல் இரண்டு மூலிகைகள் இருக்கின்றன. ஒன்றைத் தின்றால் உலகத்தில் எவர் பேசுவதும் காதில் விழும். மற்றொன்றைத் தின்றால் எங்கே நடப்பதும் இருந்த இடத்திலிருந்தே தெரியும். அவற்றைப் பறித்துத் தா என்று வஞ்சி கேட்கிறாள். அவன் தயங்க, பெண் சொன்னால் கேட்காமல் விடுவதா என்று அவள் போடும் வழக்கு இன்றைக்கும் சூடு குறையாதது. சென்னை மாநகராட்சி வானொலி ஒலிபரப்பைத் தொடங்கியதும் அதே 1930-இல்தான் என்பதை எண்ணிப் பார்த்தால், அந்த முதல் மூலிகையின் சுவை இன்னும் கூடுகிறது.

மூலிகையைத் தின்றதும் கடல்கடந்த நாட்டார் பேசுவது கேட்கிறது. அதன் பிறகு நம் நாட்டில் ஒருவர் ராமாயணம் சொல்கிற குரல். அனுமார் சஞ்சீவி மலையைத் தூக்குகிறார் என்று கேட்டதுதான் தாமதம், நாம் இருக்கிற மலையையே தூக்குகிறார்கள் என்று குப்பன் அலறுகிறான். வஞ்சி அசையவில்லை. இரண்டாம் மூலிகையைத் தின்று பார்க்கச் சொல்கிறாள். அங்கே கதை முடிந்து, சொன்னவர் பணம் வாங்கிக்கொண்டிருக்கிறார். மந்திரப் பச்சிலையைக் கொண்டே மந்திரத்தின்மேல் உள்ள பயத்தைப் போக்குகிற இந்த உத்தியை வேறு எந்த மாயக்கதையிலும் நான் பார்த்ததில்லை.

இரண்டு கதையிலும் விஷயம் தெரிந்தவள் பெண். ஆண் ஒன்று அவசரப்படுகிறான், அல்லது பயப்படுகிறான். அவள் பேசுவதை நின்று கேட்ட பிறகுதான் காதல் கைகூடுகிறது. வாளும் மூலிகையும் அதற்குப் பிறகுதான். புதுவையின் மாயக்கதைகள் என்று நான் பெருமையாகச் சொல்லிக்கொள்வது இதனால்தான்.

ஆனால் ஒருவனுடைய பேச்சை மட்டும் யாரும் கேட்கவில்லை; அவன் மாடன். குயிலி இரங்கிக் கொடுத்த வாக்கைக் காதல் என்று நம்பியவன். குரங்கன் வீட்டுச் சம்பந்தம் பேசியதைக் கேட்டு அவன் கொதித்து வந்தபோது, தாலி ஏறினாலும் சில மாதங்களில் ஏதாவது செய்து உன்னிடமே வந்துவிடுவேன் என்று குயிலி அவனைத் தேற்றுகிறாள். அந்த நம்பிக்கையோடுதான் அவன் இளவரசனுடன் அவளைப் பார்க்கிறான். பின்னாலிருந்து வெட்டியது கோழைத்தனம், அதில் எனக்குச் சந்தேகமில்லை. இருந்தாலும் இந்தக் கதையை யாராவது இன்று பாகம் பாகமாக விரித்து எழுதினால், ஒரு பாகம் முழுக்க மாடன் தன் வாயால் சொல்லவேண்டும். அதைப் படிக்கக் காத்திருக்கிறேன்.