உறுதிகளும் லெமினேற் உறைகளும்

மன்னார்த் தீவிலும் அதனை அண்டிய பெருநிலப்பரப்பிலும் உள்ள வீடுகள் பலவற்றில், அலுமாரியின் மேல்தட்டிலோ கட்டிலின் அடியிலோ, ஒரு பை எப்போதும் ஆயத்தமாக இருக்கும். பிறப்பு அத்தாட்சிப் பத்திரங்கள், விவாகப் பதிவு, காணி உறுதி, பரீட்சைப் பெறுபேறு, வங்கிப் புத்தகம் ஆகியன அதற்குள் இருக்கும். யுத்தம் 2009இல் முடிந்து ஆண்டுகள் பல கடந்த பின்னரும் அந்தப் பையைக் கலைக்காத குடும்பங்களை நான் அறிவேன். அதிலுள்ள தாள்களிற் பல, பிளாஸ்ரிக் படலத்துக்குள் அடைக்கப்பட்டவை. 'லெமினேற் அடித்தல்' என்று மக்கள் இதனைச் சொல்வர். செய்தி சேகரிக்கச் சென்ற இடமெல்லாம் இவ்வாறான தாள்களைக் கையில் வாங்கிப் பார்த்தவன் என்ற வகையில், இப்படலத்தின் நன்மையையும் தீமையையும் எழுதிவைப்பது பயனுடையது என்று கருதுகிறேன்.

இந்தப் பழக்கம் சும்மா வந்ததன்று. 1990 ஒக்ரோபரில் வடமாகாண முஸ்லிம்களை விடுதலைப் புலிகள் வெளியேற்றியபோது, மன்னார்த் தீவின் எருக்கலம்பிட்டி முதலிய ஊர்களின் மக்கள் கடல்வழியே கற்பிட்டிக்குச் சென்றனர். தலைமன்னார்க் கரையிலிருந்து இராமேஸ்வரம் நோக்கி இரவில் வள்ளமேறிய தமிழ்க் குடும்பங்கள் மண்டபம் முகாமைச் சென்றடைந்தன. 2007 முதல் மாந்தை, மடு, முசலிப் பக்கங்களிலிருந்து இடம்பெயர்ந்தோரிற் பெரும்பாலானோர் ஊர் ஊராக அலைந்தனர். வன்னிக்குள் அகப்பட்டோர் ஈற்றில் செட்டிகுளம் முகாம்களிற் சேர்ந்தனர். இப்பயணங்களில் நகைக்கு அடுத்தபடியாக மக்கள் காத்தது கடதாசியைத்தான். பொலித்தீன் பையில் சுற்றி இடுப்பில் கட்டிய உறுதி, கடல் நீரில் நனைந்து கூழாகிப் போன கதைகளைப் பலரும் சொல்லியிருக்கிறார்கள். திரும்பி வந்து காணியைக் கேட்டபோது முதலில் கேட்கப்பட்ட கேள்வி, "பத்திரம் இருக்கிறதா?" என்பதே.

அரசாங்கமும் ஒரு வகையில் வழிகாட்டியது. 1972 முதல் வழங்கப்பட்ட தேசிய அடையாள அட்டை, தாளில் விபரம் எழுதிப் படம் ஒட்டி, மேலே பிளாஸ்ரிக் மூடியது. 2017 ஒக்ரோபரில் இலத்திரனியல் அட்டை அறிமுகமாகும்வரை அதுவே வழக்கிலிருந்தது. சோதனைச் சாவடி தோறும் அதை நீட்டிப் பழகிய மக்களுக்கு, பிளாஸ்ரிக் மூடிய தாளே மெய்யான தாள் என்ற எண்ணம் ஊறிவிட்டது. 2002இன் போர்நிறுத்தத்தின் பின் மன்னார் நகரில் 'கொமினிக்கேசன்' கடைகள் பெருகியபோது, தொலைபேசிக்கும் போட்டோப் பிரதி இயந்திரத்துக்கும் பக்கத்தில் ஒரு லெமினேற் இயந்திரமும் வந்து அமர்ந்தது. கொண்டுவரும் எதையும் அது விழுங்கி, பளபளப்பாக வெளியே தள்ளியது.

இயந்திரத்தின் வேலை எளியது. உறை என்பது ஒரு பக்கம் ஒட்டிய இரு தாள்கள். ஒவ்வொன்றும் இரு படைகளைக் கொண்டது: வெளியே உறுதியான பொலியெஸ்ரர், உள்ளே சூட்டில் உருகும் பசை. ஏறத்தாழ 100 முதல் 130 பாகை செல்சியஸ் வரையான சூட்டில் உருளைகளுக்கிடையே செல்லும்போது, உட்படை உருகிக் கடதாசியின் நார்களுக்குள் இறங்குகிறது, ஆறியதும் இறுகிவிடுகிறது. உறையின் தடிப்பை மைக்ரோனில் சொல்வர். ஒரு மைக்ரோன் மில்லிமீற்றரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. 80, 125, 250 என உறைகள் கிடைக்கின்றன. தடிப்புக் கூடினால் சூடும் கூட வேண்டும்.

இதைச் செம்மையாகச் செய்ய விரும்புவோர் சிலவற்றைக் கவனிக்க வேண்டும். ஸ்ரேப்பிள் கம்பி, குண்டூசி எல்லாவற்றையும் முதலில் அகற்ற வேண்டும். தாள் நன்றாக உலர்ந்திருக்க வேண்டும். உப்புக் காற்று வீசும் நமது கரையில் கடதாசி ஈரத்தைப் பிடித்தே வைத்திருக்கும். அந்த ஈரம் சூட்டில் ஆவியாகிக் குமிழியிடும். மன்னார் மணலைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. ஒரு மணல் உள்ளே அகப்பட்டாலும் அதைச் சுற்றிப் படலம் ஒட்டாது; ஆகவே தாளையும் உறையையும் மென்துணியால் துடைக்க வேண்டும். ஒட்டிய பக்கத்தை முன்னே விட்டே உறையைச் செலுத்த வேண்டும். இயந்திரம் போதிய சூடேறாவிட்டால் படலம் பால்போல மங்கும். சூடு மிஞ்சினால் அலையலையாக நெளியும். வெளியே வந்ததும் தட்டையான பாரத்தின் கீழ் ஆறவிட வேண்டும்.

எல்லாவற்றிலும் முக்கியமானது ஓரம். கடதாசியைச் சுற்றி மூன்று மில்லிமீற்றராவது வெறும் பிளாஸ்ரிக் ஒட்டியிருக்க வேண்டும். அழகுக்காக அதைக் கத்தரித்துவிட்டால் கடதாசியின் விளிம்பு திறந்துவிடும். நீர் அதன் வழியே ஊறும். யுத்தகாலத்தில் மீனவர்கள் கடலுக்குக் கொண்டுசென்ற அனுமதி அட்டைகளில் இதைக் கண்டிருக்கிறேன். நடுப்பகுதி புதிதாக இருக்கும். ஒரு மூலையில் உட்புகுந்த உப்புநீர் பழுப்பு நிறத்தில் பெயரை நோக்கி ஊர்ந்துகொண்டிருக்கும்.

இவ்வளவும் சரியாகச் செய்தாலும், மூலப் பத்திரத்தை லெமினேற் செய்யக் கூடாது என்பதே எனது கருத்து. முதற் காரணம் நடைமுறை சார்ந்தது. பத்திரம் என்பது பார்ப்பதற்கு மட்டுமான பொருளன்று. அதன்மேல் முத்திரை குத்துவார்கள். பின்புறத்தில் உறுதிப்படுத்திக் கையொப்பமிடுவார்கள். சந்தேகம் வந்தால் மையையும் எழுத்தின் அழுத்தத்தையும் ஆராய்வார்கள். பிளாஸ்ரிக் மூடிய பின் இவை இயலா. நடமாடும் சேவையொன்றில் ஒரு முதிய தாய் தன் மகளின் பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தை நீட்டியதும், அலுவலர் அதைத் திருப்பிப் பார்த்து, "அம்மா, இதில நான் எங்க சீல் குத்துறது?" என்று கேட்டதும் நினைவிலிருக்கிறது. "பழுதாகாமல் இருக்கத்தானே ஐயா அடிச்சனான்" என்றார் அவர். இருவர் சொன்னதும் நியாயம்.

இரண்டாவது காரணம், இது திரும்ப முடியாத வழி. ஒட்டிய பசையை உரிக்க முயன்றால் எழுத்தும் சேர்ந்து உரியும். கடதாசியில் ஏற்கெனவே உள்ள அமிலமும் ஈரமும் உள்ளேயே சிறைப்பட்டுத் தம் வேலையைத் தொடரும். உலகின் ஆவணக்காப்பகங்கள் இப்பாடத்தை நீண்ட காலம் செலவழித்தே கற்றன. அமெரிக்காவில் வில்லியம் பரோ என்பவர் 1930களில் செலுலோஸ் அசிற்றேற் படலத்தைச் சூட்டாலும் அழுத்தத்தாலும் பழைய ஆவணங்களில் ஒட்டும் முறையைப் பரப்பினார். இந்தியத் தேசிய ஆவணக்காப்பகம் 1950களில், இயந்திரமின்றி அசிற்றோன் திரவத்தைக் கொண்டு கையாலேயே அப்படலத்தை ஒட்டும் முறையை உருவாக்கியது. பின்னாளில் அப்படலமே சிதைந்து வினாகிரி மணம் வீசியபோது, ஒட்டியதைக் கரைத்து எடுக்கும் வேலை தொடங்கியது. இன்று அறிஞர்கள் விரும்புவது, இரு பொலியெஸ்ரர் தாள்களுக்கிடையே ஆவணத்தை ஒட்டாமல் வைத்து, ஓரங்களை மட்டும் மூடும் முறை. வேண்டியபோது ஓரத்தை வெட்டினால் கடதாசி வைத்தபடியே வெளியே வரும். நமது முன்னோர் ஏட்டுச் சுவடிக்கு எண்ணெய் பூசியதும் இத்தகைய பாதுகாப்பே. காலத்துக்குக் காலம் புதுப்பிக்கக்கூடியதாக அது இருந்தது.

மூன்றாவது விடயம் மனதை வருத்துவது. காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர்கள், கிளிநொச்சியில் 2017 பெப்ரவரியில் தொடர் போராட்டத்தைத் தொடங்குவதற்கு முன்னரும் பின்னரும், மன்னாரிலும் படங்களை ஏந்தி நின்றிருக்கிறார்கள். லெமினேற் செய்த படங்கள் அவை. மழைக்குப் பழுதாகா. ஆனால் சாதாரண லெமினேற் படலம் நீரைத் தடுக்குமேயன்றி வெயிலைத் தடுக்காது. வீதியோரத்தில் நாட்கணக்கில் பிடித்த படங்களில் சிவப்பும் மஞ்சளும் போய், முகம் நீலம்பாரித்து நிற்பதைப் பார்த்திருக்கிறேன். படலத்தில் ஒரு கீறல்கூட இராது. உள்ளே பிள்ளையின் முகம் அழிந்துகொண்டிருக்கும். சில தாய்மாரிடம் இருப்பது அந்த ஒரு படம்தான்.

ஆகவே நான் சொல்லக்கூடியது இதுதான். மூலத்தைப் பிரதி எடுத்து, பிரதியை லெமினேற் செய்யுங்கள். சோதனைக்கும் கூட்டத்துக்கும் போராட்டத்துக்கும் அதையே கொண்டுசெல்லுங்கள். மூலத்தை மடிக்காமல் பொலியெஸ்ரர் அல்லது பொலிப்புரொப்பிலீன் உறையில் இட்டு, இருளான, உலர்ந்த இடத்தில் வையுங்கள். மலிவான பீவீசி உறைகள் வேண்டாம். போட்டோப் பிரதியின் எழுத்து அவற்றில் ஒட்டிக்கொண்டு வந்துவிடும். கிழிசலுக்குச் செலோரேப் ஒட்ட வேண்டாம். அதன் பசை பழுப்பேறி மையைத் தின்னும். வங்கி இயந்திரத்தின் பற்றுச்சீட்டை லெமினேற் இயந்திரத்தில் இட வேண்டாம். அது சூட்டில் கறுக்கும் தாள்.

ஏற்கெனவே லெமினேற் செய்துவிட்டவர்கள் அதை உரிக்கவோ இஸ்திரிப் பெட்டியால் சூடாக்கவோ முயலக் கூடாது. நொத்தாரிசு எழுதிய உறுதியின் இணைப்பிரதி காணிப் பதிவகத்துக்கு அனுப்பப்படுவது சட்டம். அங்கிருந்து உறுதிப்படுத்திய பிரதி பெறலாம். பிறப்பு, விவாகப் பதிவுகளின் பிரதிகளைப் பிரதேச செயலகத்தில் பெறலாம். படங்களுக்கு அத்தகைய பதிவகம் எதுவும் இல்லை. பையைத் திறக்கும் பிள்ளைகள், முதலில் அந்தப் படங்களை ஸ்கான் செய்து மூன்று இடங்களில் சேமித்துவைக்கட்டும்.